பூனைக்குட்டி, நாய்க்குட்டிக்கான பால் பவுடர்: சென்னைக் கடைகளில் எதை வாங்கலாம், எதை விடலாம்

கார் பானெட்டுக்குள், அபார்ட்மென்ட் மீட்டர் பெட்டிக்கு அடியில், மழை பெய்தால் மாடிப்படிக்குக் கீழே. தாயில்லாத குட்டி கண்ணில் பட்டதும் சென்னையில் பெரும்பாலானவர்கள் செய்வது, வீட்டில் இருக்கும் ஆவின் பாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து இங்க் ஃபில்லரில் ஊற்றிவிடுவது. இரண்டாம் நாள் கழிச்சல், மூன்றாம் நாள் குட்டி துவண்டு போகும். பெட் ஷாப்பில் விற்கும் பால் பவுடர் இதைத் தடுக்குமா என்றால், சரியானதை வாங்கிச் சரியாகக் கலந்தால் தடுக்கும். ஆனால் கடையில் அடுக்கியிருக்கும் எல்லா டப்பாவும் ஒன்றல்ல.

புரசைவாக்கம், அண்ணா நகர், அடையாறு என்று எந்தப் பக்கம் போனாலும் கவுன்டரில் காட்டுவது நான்கு வகை. பூனைக்குட்டிக்கென்றே தயாரித்த டின், நாய்க்குட்டி பவுடர், 'எல்லாக் குட்டிகளுக்கும்' என்று போட்ட பொதுப் பவுடர், இவற்றோடு ஒரு பாட்டில் செட். முதல் இரண்டும் அதனதன் குட்டிக்கு வாங்கத் தகுந்தவை. மூன்றாவதை லேபிள் படிக்காமல் தொடவேண்டாம். பாட்டில் செட்டில் நிப்பிள் மட்டும் பயன்படும். கடைக்காரரே பெரிய பாக்கெட்டிலிருந்து ஜிப் கவரில் பிரித்துத் தரும் லூஸ் பவுடரில் தயாரிப்புத் தேதியும் இல்லை, என்ன கலந்திருக்கிறது என்றும் இல்லை. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது வேண்டாம்.

'பால் எல்லாம் பால்தானே, மாட்டுப்பால் ஏன் ஆகாது?' கடையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பாலூட்டிகள் எல்லாம் பால் கொடுத்தாலும், ஒவ்வொன்றின் பாலும் அதன் குட்டி வளரும் வேகத்துக்கு ஏற்றபடிதான் இருக்கும். மனிதக் குழந்தை பிறந்த எடை இரட்டிப்பாக ஏறத்தாழ ஐந்து மாதம் ஆகும். நாய்க்குட்டி பத்து நாளில் இரட்டிப்பாகிவிடும். அதனால்தான் தாய்ப்பாலில் புரதம் ஏறத்தாழ 1 சதவீதம், பசும்பாலில் 3.3, பூனைப்பாலிலும் நாய்ப்பாலிலும் 7 சதவீதத்துக்கு மேல். பால் சர்க்கரையான லாக்டோஸ் இதற்கு நேர் எதிர்: தாய்ப்பாலில் 7 சதவீதம், பசும்பாலில் 4.8, பூனை, நாய்ப்பாலில் 4 சதவீதத்தை ஒட்டி.

சதவீதத்தைப் பார்த்தால் வித்தியாசம் சின்னதாகத் தெரியும். கணக்குப் போட்டால்தான் விஷயம் புரியும். 100 கிராம் எடையுள்ள பூனைக்குட்டிக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20 கிலோகலோரி வேண்டும். பூனைப்பால் என்றால் 17 மி.லி. போதும்; அதில் 1.3 கிராம் புரதமும் 0.7 கிராம் லாக்டோஸும் இருக்கும். அதே கலோரியை ஆவின் நீல பாக்கெட்டிலிருந்து (3 சதவீதக் கொழுப்பு) கொடுக்க ஏறத்தாழ 34 மி.லி. ஆகும். புரதம் 1 கிராம்தான் சேரும், லாக்டோஸ் 1.6 கிராம் ஆகிவிடும், இரண்டு மடங்குக்கும் மேல். 'அப்போ கெட்டியான ஆரஞ்சு பாக்கெட் கொடுக்கலாமே' என்பார்கள். அதில் 6 சதவீதக் கொழுப்பு இருப்பதால் 23 மி.லி.யிலேயே கலோரி நிறைந்துவிடும், ஆனால் புரதம் 0.8 கிராமுக்கும் கீழே போய்விடும். வயிறு நிறையும், உடம்பு வளராது. பாலில் தண்ணீர் சேர்த்தால் எல்லாமே இன்னும் மோசமாகும். ஆட்டுப்பாலுக்கும் பசும்பாலுக்கும் இந்த விஷயத்தில் பெரிய வேறுபாடு கிடையாது. பாலைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது இந்த வேலைக்கு ஆனதல்ல, அவ்வளவுதான்.

செரிக்காமல் மிஞ்சும் லாக்டோஸ் குடலுக்குள் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், பெருங்குடலில் கிருமிகள் அதைப் புளிக்க வைக்கும். கழிச்சலும் உப்பசமும் வருவது இதனால்தான். 100 கிராம் குட்டிக்கு உடம்பில் இருக்கும் நீரே கொஞ்சம். அதற்கு ஒரு நாள் கழிச்சல் என்பது சின்ன விஷயமல்ல.

இனி லேபிள். டின்னைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். பவுடரில் புரதம் 30 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, கொழுப்பு 25க்குக் குறையக் கூடாது. நல்ல பூனைக்குட்டிப் பவுடரில் இரண்டுமே இதைவிடக் கூடுதலாக இருக்கும். அடுத்து, சேர்மானப் பட்டியலில் முதலில் எது வருகிறது என்று பாருங்கள், ஏனென்றால் அதிகமாக இருப்பதைத்தான் முதலில் போடுவார்கள். 'வே பவுடர்' (பால் திரியும்போது பிரியும் தெளிநீரைக் காயவைத்தது) என்று தொடங்கினால் டின்னைத் திரும்ப வைத்துவிடுங்கள். காய்ந்த வே பவுடரில் ஏறத்தாழ 70 சதவீதம் லாக்டோஸ்தான். கொழுப்பு நீக்கிய பால் பவுடரில் பாதி லாக்டோஸ். 'வே புரதம்', 'கேசீன்', 'பால் புரதம்' என்று தொடங்கினால் நல்லது. பெயர் ஒன்றுபோலத் தெரிந்தாலும் வே பவுடரும் வே புரதமும் வேறு வேறு. மால்டோடெக்ஸ்ட்ரின், சர்க்கரை, டெக்ஸ்ட்ரோஸ் இவையெல்லாம் பட்டியலில் மேலே இருந்தால் அது விலை குறைக்கச் சேர்த்த நிரப்பி.

பொதுப் பவுடர்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பூனை, நாய், முயல், அணில் எல்லாப் படமும் டப்பாவில் இருக்கும், உள்ளே இருப்பது வாசனை சேர்த்த பால் பவுடராக இருக்கும். முயலை எடுத்துக்கொள்ளுங்கள். தாய் முயல் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தடவைதான், அதுவும் சில நிமிடங்கள்தான் பால் கொடுக்கும். அந்த இடைவெளியைத் தாங்கும்படி அதன் பால் மிகக் கெட்டி, லாக்டோஸ் மிகக் குறைவு. முயலுக்கும் நாய்க்கும் ஒரே டப்பா, ஒரே கரண்டி என்று எழுதியிருக்கிறவர் இரண்டையும் யோசிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

நாய்க்குட்டி பவுடரைப் பூனைக்குக் கொடுக்கலாமா? ஒரு ராத்திரி சமாளிக்கக் கொடுக்கலாம், அதையே தொடரக் கூடாது. காரணம் டாரின் என்ற சத்து. நாய் இதைத் தன் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும். பூனையால் போதுமான அளவு தயாரிக்க முடியாது, சாப்பாட்டில் வரவேண்டும். நீண்ட நாள் குறைந்தால் விழித்திரை கெடும், இதயத் தசை பலவீனமாகும். பூனை டின்னின் லேபிளில் 'டாரின்' என்று தனியாக அளவோடு போட்டிருக்கவேண்டும். நாய்க்குட்டிப் பவுடரில் பார்க்கவேண்டியது அர்ஜினின் என்ற அமினோ அமிலம். அது குறைவான மாற்றுப்பாலில் வளர்ந்த குட்டிகளுக்குக் கண்புரை வந்திருக்கிறது. இரண்டு பெயரும் இல்லாத லேபிளை எந்தக் குட்டிக்கும் நம்பவேண்டாம்.

'சீம்பால் சேர்த்தது' என்று கூடுதல் விலைக்கு விற்பதும் உண்டு. மனிதக் குழந்தைக்கு நோய் எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியாகவே வந்துவிடும். மாட்டுக்குக் கருவில் வருவதே இல்லை, அதனால்தான் கன்று பிறந்த சில மணி நேரத்தில் சீம்பால் குடித்தாகவேண்டும். பூனையும் நாயும் இடையில்: கருவில் கொஞ்சம், மிச்சமெல்லாம் முதல் நாள் சீம்பாலில். அந்த முதல் நாள் முடிந்தால் குடல் அவற்றை ரத்தத்துக்குள் விடாது. ஐந்து நாள் குட்டிக்கு டின்னில் வரும் மாட்டுச் சீம்பால் அந்தப் பாதுகாப்பைத் தராது. மாட்டுச் சீம்பாலில் இருப்பது மாட்டின் நோய்களுக்கான எதிர்ப்பு, பூனை நோய்களுக்கானது அல்ல. தாய்ப்பாலே குடிக்காத குட்டி என்றால் மற்றப் பூனை நாய்களிடமிருந்து தள்ளி வைப்பதும், தடுப்பூசிக்கு டாக்டரிடம் நாள் குறித்துக்கொள்வதும்தான் வழி.

எவ்வளவு வாங்குவது? நல்ல பவுடர் 1 கிராமுக்கு ஏறத்தாழ 5 கிலோகலோரி தரும். அப்படியென்றால் 100 கிராம் உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 4 முதல் 5 கிராம் பவுடர். 100 கிராமில் தொடங்கி நான்கு வாரத்தில் 400 கிராமுக்கு வரும் ஒரு பூனைக்குட்டிக்குக் கிட்டத்தட்ட 300 கிராம் டின் ஒன்று சரியாக இருக்கும். நான்கு குட்டி என்றால் நான்கு டின். நாய்க்குட்டிக்கு இந்தக் கணக்கு எங்கேயோ போய்விடும். நான்கு வாரத்தில் 2 கிலோ வரும் தெருநாய்க்குட்டிக்கு ஒரு கிலோவுக்கு மேல் பவுடர் ஆகும். இந்தச் செலவைப் பார்த்தால், பால் கொடுத்துக்கொண்டிருக்கும் வேறு தாய்ப் பூனையோ நாயோ கிடைக்குமா என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பதுதான் முதல் வேலையாக இருக்கவேண்டும். எந்த டின்னும் அதற்கு ஈடாகாது.

நான்கு குட்டி இருந்தாலும் பெரிய பாக்கெட்டாக வாங்கவேண்டாம். கொழுப்பு அதிகமுள்ள பவுடர் சென்னை ஈரப்பதத்தில் திறந்த சில நாளில் கட்டி தட்டும், வெக்கையில் காறல் வாசனை அடிக்கும். சிறு டின்களாக வாங்கி, திறந்ததைக் காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். திறந்த தேதியை மூடியில் எழுதிவிடுங்கள். வெயில் அடிக்கும் ஷோகேஸில் நிற்கும் டின்னைக் கேட்டு வாங்காதீர்கள், உள்ளே ரேக்கில் இருப்பதை எடுக்கச் சொல்லுங்கள்.

கலக்கும்போது நடக்கும் தவறு, கரண்டி. ஒவ்வொரு டின்னோடும் வரும் கரண்டிக்கு வேறு வேறு அளவு. பழைய டின்னின் கரண்டியைப் புதிய டின்னில் போட்டால் விகிதம் மாறிவிடும். அழுத்தி அள்ளினால் ஒரு எடை, தட்டையாக வழித்தால் ஒரு எடை. ஒரு கிராம் துல்லியம் உள்ள சமையலறைத் தராசு இருந்தால் டின்னில் போட்ட அளவைக் கிராமில் நிறுத்துக்கொள்ளுங்கள். கெட்டியாகக் கலந்தால் மலச்சிக்கல், வயிறு உப்பல், நீர்ச்சத்துக் குறைவு. நீர்க்கக் கலந்தால் குட்டி ஓயாமல் கத்தும், எடை ஏறாது. கேன் தண்ணீராக இருந்தாலும் கொதிக்க வைத்து ஆறவிட்டுக் கலக்கவும். ஸ்பூனால் அடித்தால் நுரை வரும், நுரையோடு காற்றும் குட்டியின் வயிற்றுக்குள் போகும். சிறிய மூடி போட்ட பாட்டிலில் மெதுவாக உருட்டிக் கரைத்து, பத்து நிமிடம் அப்படியே வைத்துவிட்டால் நுரை அடங்கும். கலந்த பாலை ஃப்ரிட்ஜில் 24 மணி நேரம் வரை வைக்கலாம். ஒருதடவை சூடாக்கியதில் மிஞ்சியதைக் கீழே ஊற்றிவிடவேண்டும்.

பாட்டில் செட்டுக்கு வருவோம். பெரும்பாலான செட்டில் நிப்பிளில் ஓட்டையே இருக்காது, நாமே போடவேண்டும். நெருப்பில் காட்டிய ஊசியால் ஒரு துளை போட்டு, பாட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள். அழுத்தாமல் சொட்டுச் சொட்டாக விழவேண்டும். ஒழுகினால் அந்த நிப்பிளைத் தூக்கிப் போடுங்கள், குட்டிக்குப் புரையேறிவிடும். ஒன்றுமே வராவிட்டால் குட்டி உறிஞ்சிக் களைத்து, பசியோடு தூங்கிவிடும். பாட்டிலில் போட்டிருக்கும் மி.லி. கோடுகள் பல செட்டுகளில் நம்பும்படி இல்லை. சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து ஊற்றிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பத்து நாளுக்குட்பட்ட பூனைக்குட்டிக்கு பாட்டிலைவிட ஊசி இல்லாத 1 மி.லி. அல்லது 2 மி.லி. சிரிஞ்சும், அதன் முனையில் மாட்டும் சின்ன நிப்பிளும்தான் தோது. இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. சிரிஞ்சின் உள்ளே போகும் கறுப்பு ரப்பர், பால் கொழுப்பும் வெந்நீரும் பட்டுப் பட்டு ஊறி இறுகிவிடும். கட்டை விரலால் அழுத்தினால் நகராது. இன்னும் அழுத்தினால் சட்டென்று விடுபட்டு அரை மில்லி ஒரே பாய்ச்சலாகத் தொண்டைக்குள் போய்விடும். அது போகும் இடம் பல நேரம் நுரையீரல். ஒவ்வொரு வேளைக்கும் முன்னால் வெறும் சிரிஞ்சைத் தள்ளிப் பாருங்கள், எண்ணெய் போட்டதுபோல வழுக்கிக்கொண்டு போகவேண்டும். தயக்கம் தெரிந்தால் புதிது எடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் சாமான் இது.

எந்தப் பவுடர் வாங்கினாலும், குட்டி குளிர்ந்திருந்தால் பால் கொடுக்கக் கூடாது. டப்பாவில் இதைப் பெரிய எழுத்தில் போடவேண்டும்; பலவற்றில் இந்த வரியே இல்லை. பிறந்த முதல் வாரத்தில் பூனை, நாய்க்குட்டிகளால் நடுங்கிச் சூடு உண்டாக்க முடியாது. அவை ஒன்றன்மேல் ஒன்று குவிந்து தூங்குவதும் தாயின் வயிற்றோடு ஒட்டிக்கிடப்பதும் வெளிச் சூட்டை வாங்கத்தான். உடம்புச் சூடு 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் குடல் அசைவு நின்றுவிடும். அப்போது ஊற்றும் பால் வயிற்றிலேயே தங்கிப் புளிக்கும், எதுக்களிக்கும், மூச்சுக்குழாயில் இறங்கும். சென்னை வெக்கையில் குளிர் எங்கே என்று தோன்றும். மழையில் நனைந்த குட்டி, ஏசி ரூம், ஃபேனுக்கு நேர்கீழே வைத்த அட்டைப்பெட்டி, மார்கழி ராத்திரி, இவை போதும். முதல் வாரம் பெட்டிக்குள் 30 டிகிரியை ஒட்டி இருக்கவேண்டும். வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துபோக மறுபாதி வேண்டும். அவசரமாகச் சூடேற்றக் கூடாது, ஒன்றிரண்டு மணி நேரம் எடுக்கட்டும்.

சூடு வந்ததும் சுத்தமான சுண்டுவிரலை வாயில் வைத்துப் பாருங்கள். விரலைப் பிடித்து இழுத்து உறிஞ்சினால் பால் கொடுக்கலாம். உறிஞ்சாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் டாக்டரிடம் கொண்டுபோங்கள், அவர்கள் குழாய் வைத்துக் கொடுப்பார்கள். கொடுக்கும்போது குட்டி குப்புறப் படுத்து, தலை லேசாக நிமிர்ந்திருக்கவேண்டும், தாயிடம் குடிப்பது அப்படித்தான். மனிதக் குழந்தையைப் போல மல்லாத்திக் கொடுத்தால் புரையேறும். பால் கைமணிக்கட்டில் விட்டால் வெதுவெதுப்பாகத் தெரியவேண்டும், 38 டிகிரி அளவு. முன்னங்கால் நிப்பிளைப் பிசைந்தால் தடுக்காதீர்கள்; தாய்க்குப் பால் சுரக்க வைக்கும் அசைவு அது. மூக்கில் பால் வந்தால் உடனே நிறுத்தித் தலையைத் தாழ்த்தித் துடைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு மூச்சில் கரகரப்பு இருந்தால் அன்றைக்கே டாக்டர் பார்க்கவேண்டும்.

ஒரு வேளைக்கு 100 கிராம் எடைக்கு 4 மி.லி.க்கு மேல் வேண்டாம், வயிறு கொள்ளும் அளவே அவ்வளவுதான். ஒரு நாளைக்கு 100 கிராமுக்கு ஏறத்தாழ 20 மி.லி. 120 கிராம் குட்டி என்றால் நாள் முழுக்க 24 மி.லி., மூன்று மணி நேரத்துக்கு ஒருதடவை 3 மி.லி. இரண்டாம் வாரத்தில் நான்கு மணி நேர இடைவெளி விடலாம். பசியில் கத்துகிறதே என்று அளவை மீறினால், நல்ல பவுடரிலும் கழிச்சல் வரும். 'இந்த பிராண்டு ஒத்துக்கலை' என்று டின்னை மாற்றுவதற்கு முன் அளவைச் சரிபாருங்கள். பாதிக்குப் பாதி தவறு அங்கேதான் இருக்கும்.

குடித்து முடித்ததும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிவயிற்றிலும் பின்பக்கமும் மெல்லத் தடவிவிடவேண்டும். மூன்று வாரம் வரை குட்டிகள் தாமாக மூத்திரம் போகாது. தாய் நக்கினால்தான் அந்த அனிச்சைச் செயல் நடக்கும். இதைச் செய்யாமல் விட்ட குட்டி பெட்டியில் உலர்ந்து சுத்தமாக இருக்கும், வயிறு மட்டும் கல்லாக இருக்கும்.

பவுடர் வேலை செய்கிறதா என்பதைச் சொல்வது தராசு ஒன்றுதான். தினமும் ஒரே நேரத்தில் நிறுக்கவும். பூனைக்குட்டி ஒரு நாளைக்கு 10 முதல் 15 கிராம் ஏறவேண்டும். நாய்க்குட்டி, பிறந்த எடையில் 5 முதல் 10 சதவீதம். ஒரு நாள் ஏறாமல் நின்றால் கவனம், இறங்கினால் டாக்டர். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, வேளச்சேரி புளூ கிராஸ், பெசன்ட் நினைவு விலங்கு மருந்தகம் ஆகியவை பலருக்கும் தெரிந்த இடங்கள். குட்டியைக் கொண்டுபோகும்போது எடை எழுதிய தாளையும் டின்னையும் கூடவே எடுத்துப்போங்கள்.

கடைகளைப் பற்றி ஒரு வார்த்தை. "அக்கா, குட்டி கண்ணு தொறந்துடுச்சா? எடை போட்டீங்களா?" என்று கேட்கிற கடையில் வாங்குங்கள். கண் திறக்க ஏழு முதல் பதினான்கு நாள் ஆகும், அந்த ஒரு கேள்வியிலேயே வயது தெரிந்துவிடும், கொடுக்கவேண்டிய அளவும் தெரிந்துவிடும். கேட்காமலே செரலாக்கையும் சேர்த்துத் தலையில் கட்டும் கடைகளும் இருக்கின்றன. தானியம் செரிக்கும் வயிறு இரண்டு வாரக் குட்டிக்குக் கிடையாது.

வேப்பமரத்திலிருந்து விழுந்த அணில் குட்டிக்கும், வௌவால் குட்டிக்கும் இதே பவுடரைக் கேட்டு வருகிறவர்கள் உண்டு. அணில் குட்டியை ஒரு சின்னப் பெட்டியில் போட்டு, அதே மரத்தடியில், காக்கைக்கும் பூனைக்கும் எட்டாத உயரத்தில் பகல் முழுக்க வைத்துப் பாருங்கள், தாய் வந்து வாயில் கவ்விக்கொண்டு போக வாய்ப்புண்டு. வௌவாலை வெறுங்கையால் தொடவே கூடாது. இரண்டும் காட்டுயிர், கிண்டி வனத்துறைக்குச் சொல்வதே முறை. பூனைக்குட்டியிலும் அப்படித்தான்: தனியாகக் கிடக்கிறது என்பதால் மட்டும் தாயில்லை என்று ஆகாது. வயிறு உருண்டு, உடம்பு சூடாக, அமைதியாகத் தூங்கினால் தாய் இரை தேடப் போயிருக்கிறது. தள்ளி நின்று சில மணி நேரம் பார்த்த பிறகு கடைக்குப் போகலாம்.

மூன்றரை, நான்கு வாரத்தில் முன்பற்கள் தெரிந்து நிப்பிளைக் கடிக்கத் தொடங்கும்போது, இதே பாலில் ஊறவைத்த குட்டி உணவைத் தட்டையான தட்டில் வையுங்கள். பாலின் அளவை ஒரேயடியாக நிறுத்தாமல் ஒரு வாரத்தில் குறைக்கவும். வயிற்றுப் பூச்சி மருந்துக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம். நாய்க்குட்டிக்கு இரண்டாம் வாரத்திலேயே, பூனைக்கு மூன்றாம் வாரத்தில், எடை பார்த்து டாக்டர் எழுதித் தருவார். மிஞ்சிய பவுடரைத் திறந்த தேதி பார்த்து, ஒரு மாதம் தாண்டியிருந்தால் அடுத்த குட்டிக்கென்று எடுத்து வைக்காதீர்கள்.